புதுப்பிப்பு: மாடி டிவியில் படம் ஓடுகிறது, கடலூருக்குத்தான் போகவில்லை

முத்தியால்பேட்டை வீட்டில், அண்ணன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்டரின் பழைய பதிவுகள் மாடி டிவியில் பட்டியலாகத் தெரிந்தும் ஓட மறுக்கின்றன என்றும், நாங்களே எடுத்த கல்யாண வீடியோ மட்டும் தடையின்றி ஓடுகிறது என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன்.

கோளாறு டிவியில் இல்லை. வீட்டு நெட்வொர்க்கில் கோப்பைக் கண்டுபிடித்துக் கொடுப்பது டிஎல்என்ஏ என்ற பகிர்வு முறை. ஒளிபரப்பிலிருந்து பதிந்ததைப் பூட்டி அனுப்புவது டிடிசிபி-ஐபி என்ற நகல் பாதுகாப்பு முறை. பூட்டின் சாவியைத் தருமுன், எதிரில் இருக்கும் கருவி அதே வீட்டுக்குள்தான் இருக்கிறதா என்று அது சோதிக்கிறது: கேள்வி போய் விடை திரும்ப 7 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது. எங்கள் வீட்டிலோ, தடித்த சுவர்களுக்காக வைத்திருந்த வைஃபை ரிப்பீட்டர் வழியாகப் பிங், அதாவது அப்படிப் போய்த் திரும்பும் நேரம், 12, 19, 31 மில்லிநொடி என்று தாவிக்கொண்டிருந்தது. ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு லேன் வயர் இழுத்ததும் 1 மில்லிநொடிக்குள் அடங்கியது. படமும் உடனே ஓடியது.

கடலூரில் இருக்கும் அக்கா, வெளியூரிலிருந்தே இணையம் வழியாக வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்கும் விபிஎன் மூலம் பார்க்க முடியுமா என்று கேட்டார். முயன்றோம், முடியவில்லை. அனுப்பும் தரவுத் துண்டு (பாக்கெட்) எத்தனை ரவுட்டர்களைத் தாண்டியது என்பதையும் டிடிசிபி-ஐபி பார்க்கும்; அதை விபிஎன் மறைத்தாலும், எடுத்துக்கொண்ட நேரத்தை மறைக்க முடியாது. கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொடுத்தனுப்பிவிட்டேன். அதற்குப் பூட்டே கிடையாது.