டிஸ்இன்ஹிபிஷனுக்குத் தமிழ் என்ன?

மா. எழுதியது:
ஆளுமைப் பண்புக்கும் குடிக்கும் பாலியல் இடர்நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் வினாத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பரபரப்பைத் தேடும் பண்பை அளக்கும், உளவியலாளர் மார்வின் சக்கர்மனின் 1978 அளவுகோல்: 40 வினா, பத்துப் பத்தாக நான்கு பிரிவு. சிலிர்ப்பு நாட்டம், புதுமை நாட்டம், சலிப்புக்கு ஆட்படல் மூன்றும் முடிந்தன. நான்காவதான டிஸ்இன்ஹிபிஷன்தான் (கூச்சமும் கட்டுப்பாடும் விட்டு நடப்பது) இடிக்கிறது. 'தடைநீக்கம்' அரசாணை போல ஒலிக்கிறது.

ந. எழுதியது:
தொல்காப்பியர் எப்போதோ தந்துவிட்டார். களவியலில் 'வேட்கை ஒருதலை உள்ளுதல்' எனத் தொடங்கும் நூற்பாவில் 'நாணுவரை இறத்தல்' உண்டு. இறத்தல் என்றால் கடந்துபோதல்; நாணத்தின் எல்லையைக் கடப்பது. இறந்தகாலம் என்கிறோமே, அதுதான். 'நாணுவரையிறப்பு' என வைக்கலாம்.

செ. எழுதியது:
ஐயா, வினாத்தாளில் 'இறப்பு' என்று கண்டால் சாவுக் கணக்கு எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. குடித்தபின் கட்டுப்பாடு தளர்வது ஒரு நிலை. குடிக்காத நாளிலும் ஒருவரிடம் இருப்பது பண்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ஆய்வே குழம்பும். இன்னொன்று: அந்தப் பிரிவின் வினாக்களிலேயே குடியும் பாலுறவும் வருகின்றன. அந்த மதிப்பெண்ணைக் குடியளவோடு ஒப்பிட்டால் ஒன்றை அதனோடேயே ஒப்பிட்டதாகும். தொடர்பு பொய்யாக உயரும். அவ்வினாக்களை விலக்கிக் கணக்கிடுங்கள், அல்லது இக்குறை தீர உளவியலாளர் ஆர்னெட் 1994இல் தந்த 20 வினா அளவுகோலை எடுங்கள்.

பாலியல் பகுதியில் 'தகாத உறவு' வேண்டவே வேண்டாம். பதில் சொல்பவர் மறைத்துவிடுவார். ஆணுறை அணிந்தாரா, துணைகள் எத்தனை பேர், உறவுக்குமுன் குடித்தாரா என நேரே கேளுங்கள். ஆணுறையைக் 'காப்புறை' ஆக்க வேண்டாம், யாருக்கும் புரியாது.

மா. எழுதியது:
நன்றி. அப்படியே 'ஆல்கஹால் மையோப்பியா'வுக்கும் ஒரு சொல். ஸ்டீல், ஜோசப்ஸ் 1990 கட்டுரையில் வருவது: போதையில் கண்முன் உள்ள ஆசை மட்டும் தெரியும், பின்விளைவு மங்கும்.

ந. எழுதியது:
கள்+கிட்டப்பார்வை, கட்கிட்டப்பார்வை. கண்+புலன் கட்புலன் ஆவதுபோல இதைக் கண்ணென்றும் பிரிக்கலாம். சிலேடை தானாக அமைகிறது!

செ. எழுதியது:
கலைச்சொல்லில் சிலேடை எதற்கு ஐயா? 'போதைக் குறும்பார்வை' போதும்.

கோ. எழுதியது:
பண்புக்குக் 'கட்டுமீறல் நாட்டம்', நிலைக்குத் 'தடைத்தளர்வு'. இன்றே முடிப்போம்.

மா. எழுதியது:
எனக்குச் சம்மதம். செ.வும் சரி என்கிறார்.

ந. எழுதியது:
'மீறல்' என்றதுமே குற்றம் சாட்டியாயிற்று. 'தகாத' கூடாதென்றவர்களுக்கு இது மட்டும் ஆகுமா?

மா. எழுதியது:
பிரிவுத் தலைப்பு வினாத்தாளில் அச்சாகாது ஐயா. கையேட்டிலும் அறிக்கையிலும் மட்டும்தான்.

ந. எழுதியது:
அச்சாகாத தலைப்பில் 'இறப்பு' மட்டும் யாரை உறுத்தியது?