குடும்பக் குழுவில்: சிலிண்டர் பவரும் வட்டக் கண்ணாடியும்

கவிதா: அனைவருக்கும் வணக்கம். பாப்பாவுக்குக் கண்ணாடி போட்டு இன்றோடு மூன்று வாரங்கள் ஆகின்றன. இன்று மறுபடி பரிசோதித்தபோது, கண்ணாடி போட்டிருந்தும் அட்டையின் கடைசி இரண்டு வரிகளை அவளால் படிக்க முடியவில்லை. பவர் சரியாகத்தான் இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பவர் சரியென்றால் எழுத்து ஏன் தெரியவில்லை, சித்தப்பா?

ஏற்காடு அத்தை: பவரையே தப்பாகப் போட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு இரண்டரை சிலிண்டர் பவரா? முதல் வாரம் தரை சரிகிறது என்று படியிறங்கவே பயந்தாளாம். ஆனால் போன ஞாயிறு இங்கே ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தவள், முன்பு கோடு கோடாகத் தெரிந்தவை இப்போது புள்ளியாகத் தெரிகின்றன என்றாள்.

சித்தப்பா: அக்கா, நீங்கள் சொன்ன அந்தப் புள்ளியே பவர் சரி என்பதற்குச் சாட்சி. கவிதா, சொட்டு மருந்து விட்டுத்தானே சோதித்தார்கள்?

கவிதா: ஆமாம் சித்தப்பா, அன்று மாலை வரை வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்றாள்.

சித்தப்பா: அப்படியென்றால் நம்பலாம்; கண் தானாகக் குவிப்பதை அந்த மருந்து தளர்த்திவிடுவதால் அளவு நம்பகமாக இருக்கும். கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளையாமல் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருப்பதுதான் சிலிண்டர் பவர். அந்த வேறுபாட்டைக் கண்ணாடி போட்ட நொடியிலேயே ஈடுகட்டிவிடும். ஆனால் இத்தனை ஆண்டுகளாகத் தெளிவான பிம்பமே வந்து சேராத மூளை, அதை வாசிக்கப் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அப்பா: தம்பி, தறிக்காரனுக்குப் புரிகிறாற்போலச் சொல். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தெளிவாகவும் குறுக்கே ஓடும் ஊடை நூல் கலங்கலாகவும் தெரிவதைப் போன்றதா?

சித்தப்பா: அதேதான் அண்ணா. ஊடையைக் கலங்கலாகவே பார்த்துப் பழகிய மூளைக்கு, அது திடீரென்று தெளிந்தாலும் இழையை எண்ணத் தெரியாது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். கண்ணில் சோம்பல் எதுவும் இல்லை, பெயர்தான் மோசம். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரு கண்களிலும் இப்படிப் பவரால் பார்வை மங்கியிருந்த, 10 வயதுக்குட்பட்ட 113 குழந்தைகளுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பார்வை இயல்பை நெருங்கிவிட்டது. பாப்பாவுக்கு இரு கண்களும் ஒரே அளவாக இருப்பதால், ஒரு கண்ணை மூடிப் பட்டை ஒட்டும் வேலையும் இப்போதைக்கு இல்லை.

ஏற்காடு அத்தை: விடாமல் போட்டால் பவர் இறங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் அல்லவா?

சித்தப்பா: இல்லை அக்கா. கண்ணாடி கருவிழியின் வளைவை மாற்றாது. கைக்குழந்தைகளின் சிலிண்டர் பவர் பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் முன்பே தானாகக் குறைந்துவிடும். ஏழு வயதிலும் இரண்டரை நிற்கிறதென்றால் பெரும்பாலும் அது அப்படியே நிற்கும். கவிதா, கண்ணாடியுடன் நேராக எடுத்த படம் ஒன்று அனுப்பு.

கவிதா: [படம்]

சித்தப்பா: வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. அதுவே ஏறத்தாழ ஐந்து டிகிரி சாய்வு. சிலிண்டர் லென்ஸ் அதற்குரிய திசையில் நின்றால்தான் முழுப் பலன் தரும். அதனால் மட்டும் சிலிண்டரின் பலனில் ஆறில் ஒரு பங்கு வீணாகிறது. முப்பது டிகிரி திரும்பினால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அதோடு வட்ட ஃபிரேமில் திருகு தளர்ந்தால் லென்ஸே சுழன்றுவிடும். யார் வட்டம் வாங்கச் சொன்னது?

கவிதா: அவள்தான் அடம்பிடித்தாள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணாடியோடு என் மடியில் கவிழ்ந்து தூங்கினாள்; அங்கேதான் வளைந்திருக்க வேண்டும்.

சித்தப்பா: நாளை எடுத்து வா. லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்து, ஆக்சிஸை, அதாவது சிலிண்டர் நிற்கும் திசையைப் பார்த்துவிடலாம்.

கவிதா: (மறுநாள்) வலது லென்ஸ் எட்டு டிகிரி திரும்பியிருந்தது. சித்தப்பா திருகை இறுக்கி, காதுக் கம்பியையும் நிமிர்த்திக் கொடுத்தார். கடைசிக்கு முந்தைய வரியை இன்று முழுதாகப் படித்தாள். கடைசி வரியில் மூன்று எழுத்துகள் தவறு.