சுவிட்சை அணைத்த ரேடியோ ரிக் போச்சு, ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் பிழைத்தது. எப்படி?

தோப்புவீட்டுக்காரன்:

வணக்கம். எனக்குக் கடையம் பக்கம் கிராமம், வீட்டைச் சுற்றித் தென்னை. ஹாம் (அமெச்சூர்) ரேடியோவுக்காக மொட்டைமாடியில் 30 அடி ஜிஐ பைப் நட்டு 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) இன்வெர்ட்டட் வி ஆன்டெனா கட்டியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை கோடை மழை. மூன்று மணியிலிருந்தே 7 மெகாஹெர்ட்ஸில் சோளம் பொரிகிற மாதிரி படபடப்பு. பேசிக்கொண்டிருந்தவருக்கு 73 (ஹாம்கள் விடைபெறும் வாழ்த்து) சொல்லிவிட்டு ரிக் (ரேடியோ செட்), பவர் சப்ளை, டிவி, கம்ப்யூட்டர், ரவுட்டர் எல்லாவற்றுக்கும் சுவரில் சுவிட்சை அணைத்தேன். ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்ற ரிக்குக்குப் பின்னால் கையை விட்டேன், முதல் இடி. "அதத் தொடாதீங்க" என்று வீட்டில் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்துக் கிணற்றடித் தென்னையில் இடி விழுந்தது. வீட்டிலிருந்து எழுபது அடிதான் இருக்கும். குருத்து கருகி, மரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு உரித்த மாதிரி இருக்கிறது.

போனவை: ரிக் ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே வருகிறது, ஆனால் முழுச் செவிடு. ரவுட்டர் காலி. கம்ப்யூட்டரில் லேன் சாக்கெட் மட்டும் வேலை செய்யவில்லை. டிவியில் செட்டாப் பாக்ஸ் செருகியிருந்த ஹெச்டிஎம்ஐ போச்சு, பக்கத்து ஹெச்டிஎம்ஐ நன்றாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை! அணைத்தது சாக, அணைக்காதது எப்படிப் பிழைத்தது? பைப்தான் இடியைக் கூப்பிட்டது, முதலில் அதை இறக்கு என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார்.

மின்மினி:

ஸ்பைக் பஸ்டர் வாங்கிப் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. கோஆக்ஸைக் கழற்றினால் முனையை ஊறுகாய் பாட்டிலுக்குள் போட்டு மூடிவிடுங்கள். எங்கள் மாமா அப்படித்தான் செய்வார்.

பழைய வால்வு:

மேகத்திலிருந்து அவ்வளவு தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது, ஊறுகாய் பாட்டிலைப் பார்த்துத் திரும்பிப் போகுமா தம்பி? முனை வீட்டுக்கு வெளியே கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோப்பு ஓஎம் (ஹாம்கள் நண்பரை அழைக்கும் 'ஓல்ட் மேன்'), முதலில் வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டாலே நீங்கள் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். அதற்கப்புறம் ரிக் போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். உங்களுக்கு மூன்று மணிக்கே பேண்டில் தந்தி வந்துவிட்டதே, அப்போது கழற்றியிருக்க வேண்டும்.

இனி விஷயம். செத்தவற்றை இன்னொரு முறை பாருங்கள். ரிக்குக்குக் கரண்ட் ஒயர், கோஆக்ஸ். டிவிக்குக் கரண்ட் ஒயர், செட்டாப் பாக்ஸ் வழியாக டிஷ் கேபிள். ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட், லேன். எல்லாம் இரண்டு பக்கம் கட்டுண்டவை. ஃபிரிட்ஜுக்கு ஒரே ஒயர். ஒரு பக்கம் வந்து மறு பக்கம் வெளியேற வழி இருந்தால்தான் கரண்ட் அந்தப் பெட்டிக்குள் பாயும்.

சுவிட்சு ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலும் எர்த்தும் அப்படியே தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கினீர்களா? மாஸ்ட்டுக்கு, அதாவது அந்த ஜிஐ பைப்புக்கு, தனி எர்த் குழி போட்டிருக்கிறீர்களா?

தோப்புவீட்டுக்காரன்:

பிளக்கைப் பிடுங்கவில்லை சார். எர்த், ஆமாம், கொல்லைப்பக்கம் கரி, உப்பு போட்டுத் தனிக்குழி. கோஆக்ஸின் ஷீல்டும் (வெளிப்பின்னல் கம்பி) அதில்தான். வீட்டு எர்த் முன்பக்கம் மீட்டர் பெட்டிக்குக் கீழே. நடுவில் நாற்பது அடி இருக்கும். தனியாக இருந்தால் பாதுகாப்பு என்று வயரிங் செய்தவர் சொன்னார்.

பழைய வால்வு:

அங்கேதான் இருக்கிறது வினை. சாதாரண மின்னலே முப்பதாயிரம் ஆம்பியர் அளவில் இருக்கும். 5 ஓம் எர்த்தில் அது இறங்கினால் அந்த இடத்து மண் ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு எகிறும். தூரம் போகப் போகக் குறையும். கிணற்றடி கொல்லைப்பக்கம்தானே? அப்படியென்றால் அந்தக் குழி பல ஆயிரம் வோல்ட் மேலே போயிருக்கும், முன்பக்கக் குழி அவ்வளவு போயிருக்காது. இரண்டையும் இணைக்க வீட்டில் இருந்த ஒரே பாலம் உங்கள் ரிக். கோஆக்ஸ் ஷீல்டில் வந்து, சேசிஸ் (ரிக்கின் உலோகக் கூடு) வழியாக, பவர் சப்ளையின் எர்த் பின்னில் போய்விட்டது. 65 அடி ஆன்டெனா கம்பியில் தூண்டப்பட்டது தனியாக நடுக்கம்பியில் வந்து ரிசீவரைத் தட்டியிருக்கும்.

இரண்டு குழியையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாக்குங்கள். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளிச்சுவரில் ஒரு உலோகத் தகடு வைத்து அதில் கேஸ் டியூப் அரெஸ்டரை (மிகை வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடுவது) மாட்டுங்கள். அந்தத் தகட்டிலிருந்து எர்த்துக்குப் போகிற பட்டை குட்டையாக, நேராக இருக்கட்டும். வளைத்து நெளித்துக் கட்டினால் மின்னல் அந்த வளைவைச் சுற்றிப் போகாது, குறுக்கே தாவிவிடும். மீட்டர் பக்கம் ஒரு எஸ்பிடி (கரண்ட் ஒயரில் வரும் சர்ஜைத் தடுப்பது). ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்சு) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது ஆளைக் காப்பாற்றத்தான். இத்தனையும் செய்தாலும் மேகம் கூடினால் கழற்றத்தான் வேண்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: இடி விழுந்தது பைப்பில் இல்லை, அதைவிட உயரமான தென்னையில்.

ஸ்குரூடிரைவர்:

நான் டிவி மெக்கானிக். ஐப்பசி வந்தால் கடை நிறைய இந்தக் கேஸ்தான். ஹெச்டிஎம்ஐ 2-இல் ஓட்டுங்கள், போர்டு மாற்றுகிற செலவு இப்போது வேண்டாம். ஸ்பைக் பஸ்டர் பற்றி ஒன்று: உள்ளே மிகை வோல்ட்டேஜை வாங்கிக்கொள்கிற எம்ஓவி என்ற பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். பச்சை விளக்கு இருந்தால் அது அணைந்த அன்றே தூக்கிப் போடுங்கள், சாதாரண பிளக் பாயின்ட்டாகத்தான் மிச்சம்.

ஃபைபர்தானே என்று பலர் ரவுட்டரை விட்டுவிடுவார்கள். கண்ணாடி இழையில் வராது, சரி. அடாப்டரிலும் லேன் ஒயரிலும் வரும். மாடிக்கும் கீழுக்கும் இழுத்த நீளமான லேன் ஒயர் நல்ல ஆன்டெனா.

தோப்புவீட்டுக்காரன்:

நேற்று ரிக்கைத் திறந்தேன். ஆன்டெனா சாக்கெட்டுக்குப் பின்னால் போர்டில் கொசு அளவு கரி. துடைத்தால் அடியில் செம்பு டிராக் ஒரு அரிசி நீளத்துக்கு இல்லை. அதை அடுத்து இரண்டு டயோடு, மீட்டரில் இரண்டு பக்கமும் பீப் அடிக்கின்றன. டிராக்குக்கு ஜம்பர் போட்டேன், டயோடுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அதற்கு அப்புறமும் செவிடாக இருந்தால் இங்கேயே வந்து கேட்கிறேன்.

புனே ஐஐடிஎம் (வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம்) வெளியிட்ட மின்னல் எச்சரிக்கைச் செயலி தாமினியைப் போனில் போட்டாயிற்று. மஞ்சள் தெரிந்தாலே பிளக், கோஆக்ஸ், லேன் மூன்றையும் கழற்றுவது வீட்டம்மாவின் பொறுப்பாம், அவளே எடுத்துக்கொண்டாள். பைப் இறங்கவில்லை. கருகிய தென்னையை வெட்டும்போது பைப்பில் விழாமல் பார்த்துக்கொள் என்கிறார் அப்பா.

பழைய வால்வு:

டயோடு மாற்றியதும் 7.080 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வாருங்கள், காலை ஆறரைக்குக் கேட்டுக்கொண்டிருப்பேன். 73.