ஃபான்டசி இம்ப்ராம்ப்டு: நாலுக்கு மூன்றில் இடக்கை நொண்டுகிறது

கேட்டவர்:
மூன்று மாதங்களாக ஷோப்பானின் ஃபான்டசி இம்ப்ராம்ப்டு என்ற பியானோ படைப்பைப் பழகி வருகிறேன். ஒரு கிரோச்செட் என்னும் கால அளவுக்குள் வலக்கை நான்கு சுரங்களையும் இடக்கை மூன்று சுரங்களையும் வாசிக்க வேண்டிய தொடக்கப் பகுதியில், தனித்தனியே வாசித்தால் இரு கைகளும் வேகத்திலும் தடுமாறுவதில்லை. சேர்த்த உடனே இடக்கை வலக்கையின் நடைக்கு இழுபட்டுவிடுகிறது. ஒரு கிரோச்செட்டைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தாளில் கோடு போட்டும் பழகினேன். மெதுவாக வாசித்தால் சரியாக வருவது வேகம் கூடியதும் குலைகிறது. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
உங்கள் கணக்கில் தவறில்லை. பன்னிரண்டு பங்கில் வலக்கை 1, 4, 7, 10 ஆகியவற்றிலும், இடக்கை 1, 5, 9 ஆகியவற்றிலும் விழும். ஆனால் வேகத்தில் இதை எண்ணிக்கொண்டிருக்க யாராலும் முடியாது; இரு கைகளும் சேரும் முதல் சுரத்தை மட்டும் நம்பி, இடையில் உள்ளவற்றை அந்தந்தக் கையின் ஓட்டத்துக்கே விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்தாம் பாரில் (தாளக் கட்டத்தில்) வலக்கையின் முதல் செமிக்வேவர் (கிரோச்செட்டில் கால் பங்கு) ஓய்வு என்பதால், சேர வேண்டிய இடத்தில் இடக்கையின் சி ஷார்ப் சுரம் மட்டுமே ஒலிக்கிறது. கைகள் முதன்முதலாகச் சேர்வது இரண்டாம் கிரோச்செட்டில், வலக்கையின் எஃப் டபுள் ஷார்ப் சுரத்தில்தான். சில நாள்களுக்கு அந்த ஓய்வில் ஒரு ஜி ஷார்ப்பை வாசித்துப் பழகி, பிறகு எடுத்துவிடுங்கள். இடக்கையை நிறுத்தாமல் ஓடவிட்டு, வலக்கையை ஒரு கிரோச்செட்டும் அடுத்ததன் முதல் சுரமும் மட்டும் வாசித்து நிறுத்துவதும் உதவும்.

மறுமொழி 2:
மிருதங்கம் பழகிய எனக்கு வாயில் நான்கெழுத்து ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே தொடையில் மூன்றெழுத்து ‘தகிட’வைத் தட்டியதுதான் கைகொடுத்தது. (பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தது வேறு கதை.) எனினும், உங்கள் சிக்கல் தாளத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இடக்கையின் முதல் நான்கு சுரங்கள் ஓர் ஆக்டேவையும் (எட்டுச் சுர இடைவெளியையும்) தாண்டிப் பரவுவதால், பலர் கையை அகல விரித்தபடியே வைத்திருக்கிறார்கள். இறுகிய கை பின்தங்கத்தான் செய்யும். விரலை நீட்டாமல் மணிக்கட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி, கீழ் சி ஷார்ப்புக்கு மட்டும் சற்று எடை கொடுத்து, மற்றவற்றை மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

பதிப்பையும் கவனியுங்கள். 1834-இல் எழுதி ஷோப்பான் வெளியிடாமல் வைத்திருந்த இதை, அவர் மறைந்த பின் 1855-இல் அவருடைய நண்பர் ஃபோன்டானா வெளியிட்டார். 1835-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியை வைத்துப் பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைன் 1962-இல் கொண்டுவந்த பதிப்பில் சில இடங்கள் மாறுபடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகினால் விரல்கள் குழம்பிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கண்ணாடி முன் வாசித்தபோது, இடக்கைச் சுண்டுவிரல் சி ஷார்ப்பை விட்டு எழவே இல்லை என்பதைக் கண்டேன். அதை விடுவித்ததும், பாதி வேகத்தில் ஐந்தாம், ஆறாம் பார்கள் நொண்டாமல் கடந்தன. ஏழாம் பாரில் மறுபடி விரல் ஒட்டிக்கொள்கிறது. இந்த வாரம் அங்கேயே உட்காரப் போகிறேன்.