வகுப்பில் மாணவரின் போனை வாங்கினால், எதுவரை போகலாம்?

கரும்பலகை:
பாடம் நடக்கும்போது மேசைக்கு அடியில் போன் பார்க்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவரிடமிருந்து அதை வாங்கி வைக்கலாமா? எத்தனை நாள்? என்ன பார்த்தார் என்று திறந்து பார்க்கலாமா? கொடுக்க மறுத்தால்? 'மாணவர் உரிமை' என்றாலே கண்டிக்கக் கூடாது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பறையில் செய்யக்கூடிய பதிலாகச் சொல்லுங்கள்.

வெண்கட்டி:
வாங்கி வைப்பது வேறு, திறந்து பார்ப்பது வேறு. பள்ளி விதியில் எழுதி, ஆண்டுத் தொடக்கத்திலேயே மாணவருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்திருந்தால் வாங்கி வைக்கலாம். திறந்து பார்க்கவே வேண்டாம். 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 16-ஆம் பிரிவில் குழந்தையின் அந்தரங்கத்தையும் கடிதப் போக்குவரத்தையும் காக்கிறது. இன்று அதெல்லாம் போனுக்குள்தான் இருக்கிறது.

வாங்கும்போது மாணவரையே அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திரையில் வந்து விழும் செய்தியை அருகில் இருப்பவர்களெல்லாம் படிப்பார்கள். ஓர் உறையில் போட்டுப் பெயர், தேதி, நேரம் எழுதுங்கள். கண்ணாடியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அதையும் குறித்து, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 'கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது' என்ற தகராறு இதை விட்டுவிடுவதால்தான் கிளம்புகிறது. பூட்டிய அலமாரியில் வைத்து, அன்று பள்ளி விடும்போதே திருப்பிக் கொடுங்கள். வாரக்கணக்கில் வைத்திருந்தால் வீட்டோடு அவருக்குள்ள தொடர்பையே அறுத்துவிடுகிறோம். பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மிரட்டல், ஆபாசப் படம் என்று சந்தேகம் வந்தால் இன்னும் கவனம் தேவை. ஆதாரத்துக்காக என்றுகூட அதை உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். சிறார் படமாக இருந்தால் அனுப்பியதே குற்றமாகலாம். அணைத்த போனைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்து, கேள்விப்பட்டதை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாம் மணி:
மேலே சொன்னதோடு ஒன்று. வாங்குவதற்கு முன் கேளுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள சில பிள்ளைகளுக்கு உடலில் ஒட்டிய சென்சார் காட்டும் சர்க்கரை அளவு போனில்தான் வரும். அதைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர்களின் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும், சுவரில் ஒட்ட வேண்டாம்.

கரும்பலகை:
நன்றி. மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் பாக்கி.

வெண்கட்டி:
கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பையைத் துழாவாதீர்கள். முதலில் அருகே போய், அடுத்த பெஞ்சுக்குக் கேட்காத குரலில், 'உள்ளே வை, இல்லையென்றால் என்னிடம் கொடு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்திலேயே நின்று முறைத்தால், நாற்பது பேர் பார்க்க அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பலர் நீங்கள் திரும்பியதும் உள்ளே வைத்துவிடுவார்கள். அப்போதும் மசியவில்லை என்றால் பாடத்தைத் தொடருங்கள். மற்றவர்களின் படிப்பும் அவர்களுடைய உரிமைதான். மணி அடித்த பிறகு இன்னொரு ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதலில் அவர் தரப்பைச் சொல்ல விடுங்கள் (உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு இதைத்தான் கேட்கிறது), பிறகு விதிப்படி என்ன நடவடிக்கை என்று சொல்லுங்கள். ஒருவர் செய்ததற்காக வகுப்பு முழுவதையும் இடைவேளைக்கு விடாமல் நிறுத்தி வைப்பது மட்டும் வேண்டாம். செய்யாதவர்கள் அத்தனை பேரும் உங்கள்மேல் நம்பிக்கை இழப்பார்கள், அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.