விமானத்தில் விட்ட கைப்பேசி "கிடைத்தது" என்று சொல்லிப் பிறகு "இல்லை" என்றார்கள்: இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி – மாலைத்தூறல்

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாள்களுக்கு முன் வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பியபோது, முன்னிருக்கையின் பின்புறப் பையில் வைத்திருந்த என் ஐபோனை எடுக்க மறந்து விமானத்திலிருந்து இறங்கிவிட்டேன். பெட்டி வருவதற்காகக் காத்திருந்த இடத்தில்தான் கைப்பையைத் துழாவிப் பார்த்துப் போன் இல்லை என்பதை உணர்ந்தேன். இறங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

அருகில் நின்ற விமான நிறுவன ஊழியரிடம் இருக்கை எண்ணைச் சொல்லி, போனை அங்கே விட்டுவிட்டதாகத் தெரிவித்தேன். அவர் வாக்கிடாக்கியில் பேசிவிட்டு, "பச்சை உறை போட்ட கறுப்பு போன்தானே? எடுத்து வைத்திருக்கிறார்கள், இங்கேயே இருங்கள்" என்றார். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு வேறோர் ஊழியர் வந்து, அப்படிப்பட்ட பொருள் எதுவும் விமானத்தில் கிடைக்கவில்லை என்று கூறிவிட்டார். உறை பச்சை நிறம் என்பதை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. மூன்று நாள்களாக என் மனத்தை அறுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு விஷயம்தான்.

அன்றிரவே சிம்மை முடக்கிவிட்டேன். என் கணக்கில் தேடியபோது போன் விமான நிலையத்துக்குள் இருப்பதாகக் காட்டியது. பிறகு இருப்பிடம் மாறவேயில்லை. போன் வாங்கியபோது எடுத்த காப்பீட்டில் "திருட்டு, தற்செயலான சேதம்" என்று மட்டுமே எழுதியிருக்கிறது, தொலைந்துபோவதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தனியாகப் பயணக் காப்பீடும் எடுத்திருந்தேன். திருடு போனதாகவே புகார் எழுதிவிடும்படி உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆயினும் பெரிய தொகை போய்விட்டதே என்ற வருத்தமும் இருக்கிறது. விமான நிறுவனம், போன் காப்பீடு, பயணக் காப்பீடு ஆகிய மூன்றில் எதை முதலில் அணுக வேண்டும்? புதிய போன் வாங்குவதற்கு முன் பழைய போனை என் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா?

பதில் – கோப்புக்காரர்

வணக்கம் அம்மா. காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது: பழைய போனைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். நீக்கினால் அந்தப் போனை வேறொருவர் தம் பெயரில் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் ஆக்டிவேஷன் லாக் விலகிவிடும். எடுத்தவர் கையில் அது விலைபோகும் பொருளாகிவிடும். இதைவிட முக்கியமாக, போன் உங்களுடையது என்பதற்கும், அது கடைசியாக எங்கே இருந்தது என்பதற்கும் உரிய சான்று உங்கள் கைவிட்டுப் போய்விடும். திருட்டுக்கும் தொலைந்துபோவதற்கும் ஆப்பிள் நிறுவனமே விற்கும் ஆப்பிள்கேர் பிளஸ் என்ற காப்பீட்டுத் திட்டத்தில், போன் தொலைந்த நேரத்தில் மட்டுமல்லாமல் கோரிக்கை முடியும்வரையிலும், போன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபைண்ட் மை வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய போனில் அதே கணக்கைத் திறந்துகொள்ளலாம், அதற்காகப் பழையதை நீக்க வேண்டிய அவசியமே இல்லை. லாஸ்ட் மோடு என்ற "தொலைந்த நிலை"யை இன்னும் போடவில்லையென்றால் இன்றே போட்டுவிடுங்கள். போன் பூட்டப்படும், அதில் சேர்த்திருக்கும் ஆப்பிள் பே அட்டைகளும் நிறுத்தப்படும். வரைபடத்தில் கடைசி இடமும் நேரமும் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆக அந்த விவரம் மறைந்துவிடும்.

இனி உறவினர் சொன்னதற்கு வருகிறேன். கோரிக்கைகள் நிராகரிக்கப்படுவதற்கு நான் அதிகமாகக் கண்ட காரணம், ஒரே சம்பவத்தை மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதியிருப்பதுதான். விமான நிறுவனத்துக்கு "மறந்து விட்டுவிட்டேன்" என்றும், காவல் நிலையத்தில் "திருடிவிட்டார்கள்" என்றும், காப்பீட்டுக்கு "கைப்பையிலிருந்து எடுத்துவிட்டார்கள்" என்றும் எழுதுவார்கள். பரிசீலிப்பவர் அந்த மூன்று தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்துத்தான் படிப்பார். முரண்பாடு கண்ணில் பட்டதும், உண்மையாகவே கிடைத்திருக்க வேண்டிய தொகையும் சேர்ந்து போய்விடும். பொய்ப் புகார் கொடுப்பது குற்றம் என்பது அதற்கும் மேலான விஷயம்.

ஆனால் உங்கள் சம்பவத்தில் "தொலைந்தது", "திருடு போனது" என்ற இரண்டு சொற்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் விட்டுவிட்டு வந்தது உண்மை. பிறர் ஒருவர் அதை எடுத்தார் என்பதற்கு, நீங்கள் சொல்லாத உறையின் நிறத்தை அந்த ஊழியர் சொன்னதே வலுவான அறிகுறி. உரியவர் யார் என்று தெரிந்திருந்தும் எடுத்த பொருளைத் தராமல் வைத்துக்கொண்டால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சூட்டுவது காவல்துறையின் வேலை. நீங்கள் நடந்ததை நடந்தபடியே, நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். இறங்கிய நேரம், போன் இல்லையென்று தெரிந்த நேரம், ஊழியரிடம் பேசிய நேரம், அவர் சொன்ன வாக்கியம் அப்படியே, இரண்டாவது ஊழியர் வந்த நேரம் ஆகியவை இருந்தால் போதும். ஒரு முறை எழுதிய அந்தக் குறிப்பையே எழுத்து மாறாமல் எல்லா இடங்களிலும் இணையுங்கள்.

ஐஎம்இஐ எண் இல்லாத புகாரால் பயன் குறைவு. அது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண். போன் கையில் இருந்தால் *#06# என்று அழுத்தினாலே திரையில் வந்துவிடும். போன் இல்லாத இப்போது அதன் பெட்டியிலும், பெரும்பாலும் பில்லிலும், உங்கள் ஆப்பிள் கணக்கின் சாதனங்கள் பட்டியலிலும் பார்க்கலாம். இரண்டு இணைப்புகளுக்கு இடமுள்ள போன் என்றால் எண்ணும் இரண்டு இருக்கும், இரண்டையுமே எழுதுங்கள். கணக்கில் இருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பழுதுபார்க்கக் கொடுத்து மாற்றுப் போன் வாங்கியவர்களுக்கு எண் மாறியிருக்கும். அந்தச் சேவை ரசீதையும் இணைக்காவிட்டால் "காப்பீடு செய்த போன் இது அல்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்கிய விலை முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போனின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள், நாமே ஏற்க வேண்டிய பங்கு என்று ஒரு தொகையையும் கழிப்பார்கள். பயணக் காப்பீட்டில் ஒரே பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் தனியாக இருக்கும். கவனிப்பாரின்றி விடப்பட்ட பொருளுக்கு இழப்பீடு இல்லை என்ற விதி அதில் வழக்கமாக இருக்கும். அதைத்தான் உங்களுக்கு எதிராக முதலில் காட்டுவார்கள். ஊழியர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்ட பிறகு அது கவனிப்பாரின்றிக் கிடந்த பொருள் ஆகாது என்பதே நீங்கள் சொல்ல வேண்டிய பதில். நேரக் குறிப்பு அங்கேயும் உதவும்.

பதில் – நெடும்பயணி

விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை நண்பர் கோப்புக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பன்னாட்டுப் பயணங்களுக்கு, விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியால் உடன்படிக்கை பொருந்தும். அது 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டியையும் நாம் கையோடு வைத்திருக்கும் பொருளையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. ஒப்படைத்த பெட்டி தொலைந்தால், தவறு யாருடையது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. கைப்பொருளுக்கோ, இழப்பு நிறுவனத்தின் தவறாலோ அதன் ஊழியர்கள், முகவர்களின் தவறாலோ நேர்ந்திருந்தால் மட்டுமே பொறுப்பு வரும். "இருக்கையில் விட்டது உங்கள் தவறு, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வருவதற்குக் காரணம் இதுவே, பெரும்பாலான சம்பவங்களில் அது சரியும்கூட.

உங்களுடைய சம்பவம் அப்படிப்பட்டதன்று என்பது என் உறுதியான எண்ணம். போனை விட்டுவிட்டது உங்கள் தவறு. கண்டெடுத்த போனைப் பதிவுசெய்யாமலோ பாதுகாக்காமலோ விட்டது அவர்களின் தவறு. இழப்பு நேர்ந்தது இரண்டாவதால்தான். ஆகவே கடிதத்தில் விலையைப் பற்றி நீட்டி எழுதாமல், அந்த வாக்கிடாக்கி உரையாடலையே நடுவில் வையுங்கள். அந்த நேரத்தில் விமானத்தைச் சுத்தம் செய்த குழு எது, கண்டெடுத்த பொருள்களின் பதிவேட்டில் அந்த விமான எண்ணுக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது, உங்களிடம் முதலில் பேசிய ஊழியரிடம் எழுத்துமூலம் விளக்கம் பெறப்பட்டதா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேமரா பதிவுகளை நீண்ட நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஆகையால் குறிப்பிட்ட நேரத்தின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி விமான நிலைய நிர்வாகத்துக்கு இன்றே தனிக்கடிதம் அனுப்பிவிடுங்கள்.

சாமான்களுக்கு ஒரு பயணிக்கான பொறுப்பின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள் ஆகும். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அன்றைய மதிப்பில் உங்கள் நாணயத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வழக்குத் தொடர்வதற்கான கெடு இரண்டு ஆண்டுகள். அவ்வளவு காலம் இருக்கிறதே என்று காத்திருந்துவிடாதீர்கள், முதல் கடிதம் இந்த வாரமே போக வேண்டும்.

பதில் – அகல்விளக்கு

சகோதரிக்கு ஓர் எச்சரிக்கை. என் போன் தொலைந்து ஐந்தாம் நாள், தொலைந்த நிலையில் திரையில் காட்டும்படி நான் கொடுத்திருந்த என் கணவரின் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் ஐபோன் கண்டுபிடிக்கப்பட்டது, இருப்பிடம் காண அழுத்தவும்" என்று எழுதியிருந்தது. போனின் மாடலும் நிறமும்கூடச் சரியாக இருந்தன. மகிழ்ச்சியில் அழுத்திவிட்டோம். திறந்த பக்கம் ஆப்பிள் கணக்கின் பக்கம் போலவே இருந்தது, கடவுச்சொல்லையும் கேட்டது. பாதி எழுதிய பிறகுதான் மேலே இருந்த முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதைக் கவனித்து மூடினோம். பூட்டை நீக்க முடியாமல் தவிப்பவர்கள் அனுப்பும் செய்தி அது. போன் கிடைத்துவிட்டதாக எந்தச் செய்தி வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களாகவே உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்.

சிம்மை அன்றே முடக்கியது மிகவும் நல்லது. சிம்மை முடக்கினால் போனுக்கு மொபைல் டேட்டா போய்விடும், தேடுவது கடினமாகும் என்று சிலர் தயங்குவார்கள். ஓடிபி வரும் எண்ணைப் பிறர் கையில் விட்டுவைப்பதைவிட அது மேல். அதே எண்ணில் புதிய சிம் வாங்கி வாட்ஸ்அப்பைப் புதிய போனில் பதிவுசெய்தால் பழைய போனில் அது தானாகவே வெளியேறிவிடும்.

கேள்வி கேட்டவர் – மாலைத்தூறல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நண்பகலுக்குள் கணக்கில் தொலைந்த நிலையைப் போட்டுவிட்டு, ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றாகவே இருந்தது. பிறகு உட்கார்ந்து நேரக் குறிப்பை எழுதினேன். அதன் நடுப்பகுதி இவ்வாறு இருக்கிறது: "இரவு 9.50 மணியளவில் ஊழியரிடம் இருக்கை எண்ணை மட்டும் தெரிவித்தேன். கைப்பேசியின் நிறத்தையோ உறையின் நிறத்தையோ நான் குறிப்பிடவில்லை. அவர் வாக்கிடாக்கியில் பேசி முடித்த பின், பச்சை உறை போட்ட கறுப்பு போன் எடுத்து வைக்கப்பட்டிருப்பதாக என்னிடம் தெரிவித்தார்."

காவல் நிலையத்தில் இதையே கொடுத்தேன். திருடு போனதா, தொலைந்ததா என்று அதிகாரி கேட்டபோது, இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் முழுவதும் படித்து, அந்த உறை பற்றிய வரியின் கீழ்க் கோடிட்டு, விமான நிறுவனத்திடம் விசாரிக்க வேண்டும் என்று ஏற்பு ரசீதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். விமான நிறுவனத்துக்கும், நிலைய நிர்வாகத்துக்கும், இரண்டு காப்பீடுகளுக்கும் அதே குறிப்பு போய்விட்டது.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. பயணக் காப்பீட்டுக்காரர்கள் போர்டிங் பாஸ் கேட்கிறார்கள். அது தொலைந்த போனில்தான் இருந்தது.

பதில் – கோப்புக்காரர்

முன்பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, நீங்கள் அந்த விமானத்தில் உண்மையில் பயணம் செய்ததற்கான சான்றிதழ் வேண்டும் என்று விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். காப்பீட்டுக்காக இப்படிக் கேட்பது வழக்கமான ஒன்றுதான். முன்பதிவு மின்னஞ்சலையும், கடவுச்சீட்டில் வருகை முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலையும் இதற்கிடையே அனுப்பி வையுங்கள். இழப்பீட்டுக் கடிதத்தையும் சான்றிதழ் கேட்கும் கடிதத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். முன்னதற்குப் பதில் வரத் தாமதமானால் பின்னதும் அதனோடு தேங்கிவிடும்.

கேள்வி கேட்டவர் – மாலைத்தூறல்

அப்படியே தனித்தனியாக அனுப்பிவிட்டேன். அந்த மூன்று கேள்விகளுக்கும் விமான நிறுவனத்திடமிருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.