ஈரப்பதக் காலநிலையா, ஈரக் காலநிலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாடநூலுக்காக நாம் தொகுக்கும் காலநிலை வகைகளுக்கான சொற்பட்டியலில், ஆங்கில "humid climate"க்கு "ஈரப்பதக் காலநிலை" என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டதாகத் தெரிகிறது. "வெப்பமண்டல ஈரப்பதக் காலநிலை", "துணை வெப்பமண்டல ஈரப்பதக் காலநிலை" என்று அதிலிருந்து கிளைச்சொற்களும் வந்துவிட்டன. பாடநூலுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு எடுப்பது கடினம். அதனால் இப்போதே என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் காற்றைக் குறிக்கிறது; நாம் பெயர் வைக்க வேண்டியதோ நிலத்தின் நீர்க் கணக்குக்கு.

இலங்கையின் இரண்டு கரையோர ஊர்களை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் சராசரி வெப்பநிலை 27 பாகையை ஒட்டியது. காற்றின் ஈரப்பதமும் இரண்டிலும் 80 விழுக்காட்டை ஒட்டியதுதான். வானிலை அறிக்கையின் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எது எந்த ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மி.மீ. மழை, அம்பாந்தோட்டையில் 1,000 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். ஒன்று ஈர வலயம், மற்றது முட்புதர் வளரும் உலர் வலயம். அம்பாந்தோட்டையில் உப்பளம் இருக்கிறது. கொழும்புப் பக்கம் கடல்நீரைப் பாத்தி கட்டி நிறுத்தினால் உப்பு விளைவதற்குள் மழை வந்து கரைத்துவிடும்.

தூத்துக்குடிக்குப் போனவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கடற்காற்று உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டும், சட்டை காயாது. அதே காற்றின் கீழே பாத்தியில் நீர் வற்றி, அடியில் உப்புப் பூத்து, ஆட்கள் அதை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருப்பார்கள். காற்றில் ஈரப்பதம் நிறைய. நிலத்தில் விழும் மழையைவிட ஆவியாகிப் போவது மிகுதி. இதன் உச்சம் பாரசீக வளைகுடா. 2003 சூலை 8 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பனிபடுநிலை (காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 35 பாகை செல்சியசைத் தொட்டது. உலகில் பதிவானவற்றில் அதற்கு மேல் இல்லை. ஆனாலும் தஹ்ரான் பாலைவனம்தான். "ஈரப்பதக் காலநிலை" என்று படிக்கும் மாணவர் தஹ்ரானை அதில் சேர்த்தால் தவறு அவருடையதா, நம்முடைய சொல்லினுடையதா?

வகைப்பாடுகள் எதை அளக்கின்றன என்று பார்த்தால் ஐயம் தீரும். உலகின் காலநிலைகளை எழுத்துகளால் குறிக்கும் கோப்பன் வகைப்பாட்டின் முதல் எழுத்து பெரும்பாலும் வெப்பத்தைச் சொல்கிறது: மிகக் குளிரான மாதத்தின் சராசரி கூட 18 பாகைக்குக் குறையாவிட்டால் 'ஏ'. இரண்டாம் எழுத்து மழை ஆண்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்கிறது. 'ஏ' வகைக்குள் எல்லா மாதமும் 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை இருந்தால் அது 'எஃப்'. அமெரிக்கக் காலநிலையியலாளர் தோர்ண்த்வெய்ட் 1948இல் தந்த வகைப்பாடு, மண்ணும் பயிரும் ஆவியாக விடக்கூடிய நீரோடு மழையை ஒப்பிட்டு, மிச்சமா பற்றாக்குறையா என்று ஒரு குறியெண் போடுகிறது. இரண்டிலும் காற்றின் ஈரப்பதம் கணக்கிலேயே வருவதில்லை.

ஆகவே நான் முன்வைப்பது "ஈரக் காலநிலை". புதிதாக உருவாக்கிய சொல் அல்ல. இலங்கைப் பள்ளிகளில் ஈர வலயம், இடை வலயம், உலர் வலயம் என்று நீண்டகாலமாகப் படித்து வருகிறோம். ஆண்டு மழை தோராயமாக 2,500 மி.மீ.க்கு மேல் ஈரம், 1,750க்குக் கீழே உலர், நடுவில் இடை; ஆனால் இவை கறாரான எல்லைகள் அல்ல, சற்றுக் குறைந்த ஊர்களும் ஈர வலயத்தில் உண்டு. அந்த ஈர வலயத்துக்குள் 27 பாகை கொழும்பும் இருக்கிறது, 16 பாகை நுவரெலியாவும் இருக்கிறது. அதாவது "ஈரம்" என்ற சொல்லை வெப்பத்தோடு கலக்காமல் நீருக்கு மட்டுமே ஏற்கனவே பயன்படுத்தி வருகிறோம். வெப்பத்துக்கு வேண்டிய அடைமொழியை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டார் "வெப்பமண்டல ஈரக் காலநிலை" என்னட்டும், நாங்கள் "அயன ஈரக் காலநிலை" என்கிறோம். அதில் ஒற்றுமை வராவிட்டாலும் நட்டமில்லை.

இதற்கு வந்த மறுப்புகளில் ஒன்று வலுவானது. உழவர்கள் மண்ணைப் பார்த்தும் "ஈரப்பதம் இருக்கு, விதைக்கலாம்" என்கிறார்களே, அப்படியானால் ஈரப்பதம் நிலத்துக்கும் பொருந்தும்தானே என்பது. உண்மைதான். ஆனால் நாள்தோறும் வானொலியும் நாளிதழும் அந்தச் சொல்லைக் காற்றுக்கு என்றே பழக்கிவிட்டன. அதைத் திரும்ப வாங்க முடியாது. வெறும் "ஈரம்" இன்னும் மண்ணோடு நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன, தமிழில் ஒன்று போதுமா என்று கேட்டவருக்கு: கோப்பன் எழுதிய செருமன் மொழியில் 'ஃபொய்ஷ்ட்' என்ற ஒரே சொல்தான். அந்த 'எஃப்' அதன் முதலெழுத்து. நமக்கும் ஒன்றே போதும்.

தோர்ண்த்வெய்ட்டின் படிகளுக்கு இப்படி வைக்கலாம்: குறியெண் 100க்கு மேல் பேரீரம்; 20 முதல் 100 வரை ஈரம்; அதற்குக் கீழே குறையீரம்; பிறகு அரைவறள், வறள். குறையீரத்தை அவர் சுழியத்துக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார். "ஈரஞ்சார் குறையீரம்", "வறள்சார் குறையீரம்" எனலாம். பட்டியலில் உள்ள "துணை ஈரப்பத" எனக்கு ஒட்டவே இல்லை. எதற்குத் துணை?

இந்த ஏணி இருந்தால்தான் யாழ்ப்பாணத்தை விளக்க முடியும். அங்கே ஆண்டுக்கு 1,200 மி.மீ.க்கு மேல் மழை, இலண்டனைப் போல இரு மடங்கு. ஆனால் இலண்டன் கோப்பன் கணக்கில் ஈரம், யாழ்ப்பாணம் உலர் வலயம். அங்கே வெயில் கடுமை, மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச மாதங்களில் கிணற்றை நம்பித்தான் தோட்டம்.

சரி, பருவங்களுக்கு வருவோம். இதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் பகுதி.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்கள் மீது பற்று உண்டு. ஆனால் இலங்கையின் தென்மேற்கில் மழை இரு முறை உச்சம் தொடுகிறது. ஒன்று ஏப்ரல்–மேயில், மற்றது ஒக்டோபர்–நவம்பரில். சித்திரை, வைகாசி இளவேனில் என்றால் களுத்துறையில் வெள்ளம் வரும் மாதத்துக்கு இளவேனில் என்று பெயர் வைத்தவர்களாவோம். அந்த ஆறும் அவை பிறந்த நிலத்துக்குப் பொருந்தும். பொதுக் கலைச்சொல்லாக எல்லா ஈர நிலத்துக்கும் நீட்ட முடியாது.

"தென்மேற்குப் பருவமழைக் காலம்" என்ற பெயரிலும் சிக்கல். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் காற்றுத்தான் வீசும், மழை பெரிதாக இராது. "பருவமழைக் காலத்தில் மழை இல்லை" என்று எழுத வேண்டி வருகிறது. இலங்கை வழக்கான "பருவப்பெயர்ச்சி" காற்றின் திசை மாறுவதைச் சொல்கிறது; மழையை வாக்களிக்கவில்லை. மலையகத்தைப் பாருங்கள். தென்மேற்குக் காற்று அட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி ஊவாவில் காய்ந்த காற்றாக இறங்குகிறது. பதுளை, பண்டாரவளைத் தோட்டங்களுக்கு அதுதான் ஆண்டின் மிகச் சிறந்த தேயிலை வரும் காலம். அட்டன், தலவாக்கலை உள்ள திம்புள்ளைப் பக்கத்துக்கு அந்தச் சிறந்த தேயிலைக் காலம் சனவரி முதல் மார்ச் வரை. ஒரே காற்று, ஒரே மலை. ஒரு பக்கம் ஈரப் பருவம், மறுபக்கம் உலர் பருவம். எனவே பருவத்தின் பெயரைக் காற்றுக்குக் கொடுத்து, ஈரமா உலர்வா என்பதை இடத்துக்கு இடம் தனியே சொல்வதே முறை.

காற்றுக்குப் பெயர் தேடி வெளியே போக வேண்டாம். வடக்கு மீனவர்கள் சோளகம், வாடை என்று இன்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மே–செப்டெம்பரைச் சோளகக் காலம் என்றும், வடகிழக்குக் காற்று வீசும் டிசம்பர்–பெப்ரவரியை வாடைக் காலம் என்றும் எழுதலாம். நடுவிலுள்ள மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் இப்போது "முதலாம் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம்", "இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம்" என்று ஒரு வரியையே பிடித்துக்கொள்கின்றன. காற்று ஓய்ந்து, காலையில் வானம் தெளிந்து, பின்பகலில் முகில் திரண்டு இடியோடு மழை பெய்யும் காலம் அது. "காற்றிடைக் காலம்" போதும்; முதற் காற்றிடை, இரண்டாம் காற்றிடை.

கோப்பனின் 'கோடை வறள்', 'குளிர்கால வறள்' என்பவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். சென்னைக்கும் கொழும்புக்கும் குளிர்காலம் என்று சொல்ல என்ன இருக்கிறது? சூரியன் உச்சியை ஒட்டி நகரும் அரையாண்டை "உயர்கதிர்க் காலம்" என்றும், தாழ்ந்து நகரும் அரையாண்டைத் "தாழ்கதிர்க் காலம்" என்றும் வைத்தால், சென்னை உயர்கதிர் வறள், மும்பை தாழ்கதிர் வறள் என்று தெளிவாகிவிடும்.

எல்லைக்கோடுகளைப் பற்றியும் ஒரு குறிப்பு பட்டியலில் சேர வேண்டும். 1961–1990 சராசரிப்படி கொழும்பின் சனவரி மழை 58 மி.மீ. சொச்சம். 60க்கு இரண்டு குறைந்ததால் கோப்பன் கணக்கில் அது பருவப்பெயர்ச்சி வகைக்குப் போய்விடுகிறது. இரத்தினபுரி ஈர வகையிலேயே நிற்கிறது. "ஈர வலயம்" என்ற இலங்கைப் பிரிப்பில் இரண்டும் ஒன்று. ஆகவே வலயம் என்ற சொல்லை ஆண்டு மழையளவுப் பிரிப்புக்கும், காலநிலை என்ற சொல்லைக் கோப்பன், தோர்ண்த்வெய்ட் வகைகளுக்கும் ஒதுக்கிவிடுவோம். "காற்றிடை"க்கும் "குறையீர"த்துக்கும் மாற்று இருந்தால் எழுதுங்கள். "ஈரப்பதக் காலநிலை" மட்டும் பட்டியலிலிருந்து போகட்டும்.